பெரியவன் வசனம்

கல்யாணமாகி அல்லிநகரம் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே நான் வாயைத் திறந்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்திருந்தார்கள். ஆளுக்கொரு வசனம் வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். மாமா முதல் வசனம், அத்தை இரண்டாவது, அப்படியே வரிசையாகச் சுற்றிச் சுற்றி வந்து அதிகாரம் முடிகிற வரைக்கும் போகும். கடைசி வசனம் யார் பங்குக்கு வருகிறதோ, அன்றைக்கு ஜெபம் பண்ணுவது அவர் பொறுப்பு. கிறிஸ்தவ வீடுகளில் இதெல்லாம் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நான் கம்பத்துக்காரி. எங்கள் வீட்டில் அப்பா மட்டும் வாசிப்பார், நாங்கள் சுவரில் சாய்ந்து தூங்கி வழிவோம். அதனால் இந்த முறை எனக்குப் பிடித்தே இருந்தது.

மாமா வாசித்தார். அத்தை வாசித்தார். அதற்கு அப்புறம் ஒருவரும் வாசிக்கவில்லை. என் கணவர் தன் வேதத்தைப் பார்த்தபடி குனிந்தே இருந்தார். சரி, புதுப்பெண்ணுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் வசனத்தைக் கணீரென்று வாசித்தேன். நான் ஸ்கூலில் பயாலஜி டீச்சர். மெதுவாக வாசிக்கச் சொன்னால் கூட எனக்கு வராது.

அத்தையின் முகம் செத்துவிட்டது. வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மாமாதான் பேசினார்.

“அது பெரியவன் வசனம், ஆத்தா.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு முதல் வசனத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது வந்தபோது எல்லோரும் ஒரு வசனம் வாசிக்கிற நேரம் சும்மா இருந்தார்கள். அப்புறம் என் கணவர் நான்காவதை வாசித்தார். அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். ஹால் குறுகலானது. உள்ளறைச் சுவரோரம் மாமா, அடுத்து அத்தை, அடுத்து ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் பாய், அப்புறம் என் கணவர், வாசலை ஒட்டி நான். வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வெறும் பாயின் முன்னால் ஒரு சின்னப் பலகை. அதன் மேல் கறுப்பு உறை போட்ட ஒரு வேதம், அன்றைய அதிகாரத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

பெண் பார்க்க வந்தபோது, என் கணவரின் அண்ணன், மூத்தவர், கேரளாவில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். அத்தையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. மற்றவர்களுக்கு என்னவென்று அன்று ராத்திரி கணவரிடம் கேட்டேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டே சொன்னார்.

மாமாவுக்குத் தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை. எஸ்டேட்டுகளுக்கும் தோட்டங்களுக்கும் பைப், மோட்டார் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூத்தவர் வேலை. மேகமலைக்கும் போவார், மலையேறிக் குமுளிக்கும் போவார், மலையாளம் தண்ணிபட்ட பாடு. எங்கள் கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்னால் ஒரு நாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சாயங்காலம் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வாய்க்காலாக ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பைக் மட்டும் நின்றது. ஆள் இல்லை. வாய்க்காலில் தேடினார்கள், ஆற்றில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. குமுளி ஜீப்பில் ஏறியதைப் பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொன்னார். பிறகு, அது அவர்தானா என்று தெரியவில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்.

பைக் பூட்டியிருந்தது. சாவி அதில் இல்லை. அத்தைக்கு அந்த ஒரு பிடிமானம் போதும். யார் வந்து எப்படி ஆறுதல் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“சாகப் போறவன் வண்டியப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டாய்யா போவான்?”

அதனால் அந்த வீட்டில் அடக்க ஆராதனையும் நடக்கவில்லை, நினைவு ஆராதனையும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் தினம் சாயங்காலம் அந்த வாசிப்புத்தான். நாத்தனார் கல்யாணமாகிப் போனதால் காலியான இடத்தில் நான் வந்து உட்கார்ந்தேன். ஐந்து பேர் வரிசை அப்படியே இருந்தது, அதில் ஒருவர் இல்லை என்பதைத் தவிர.

ஒரு வசனம் சும்மா இருப்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதிகாரத்தின் கடைசி வசனம் மூத்தவர் பங்குக்கு வருகிற நாட்கள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு ஆகாது. அன்றைக்கு ஜெபம் அவருடையது. எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்திருப்போம். ஃபேன் சுற்றும். பக்கத்து வீட்டு சீரியல் கேட்கும். பெரியகுளம் ரோட்டில் லாரி போகும். அத்தை தலையை அந்த வெறும் பாய்ப் பக்கம் லேசாகச் சாய்த்திருப்பார், காது மந்தமானவர்கள் சாய்ப்பதுபோல. ஓர் ஆள் பொறுமையாக ஜெபம் பண்ணி முடிக்கிற நேரம் ஆனதும் “ஆமென்” என்பார். நாங்களும் ஆமென் சொல்லி எழுந்திருப்போம். எதற்கு ஆமென் சொன்னோம் என்று எனக்குத் தெரியாது. அந்த ராத்திரிகளில் நான் பாத்ரூம் போகக் கூடக் கணவரை எழுப்புவேன்.

எனக்குக் கோபம் வந்தது. இது விசுவாசமா, இல்லை வேறு ஏதாவதா? வியாழக்கிழமைதோறும் சபையில் பெண்கள் வேதபாட வகுப்புக்குப் போவேன். அங்கே ஒருநாள் மனசு பொறுக்காமல் இதைச் சொல்லிவிட்டேன். ஒரு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, இல்லாதவனுக்கு இடம் போட்டு வைத்தால் வேறு எதுவாவது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். நான் சிரித்துவிட்டேன். பயாலஜி டீச்சரிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகு பாயைச் சுருட்டப் போனவள், என்னை அறியாமல் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. சுவருக்குப் பின்னால் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதன் சூடு தரையில் இறங்கியிருக்கும் என்று இன்றுவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆயர் ஒருமுறை வந்து எடுத்துச் சொன்னார். கர்த்தருடைய கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு ஒரு நினைவு ஆராதனை வைத்துவிடலாமே என்றார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. காபி கொடுத்தார், வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், உங்க பிள்ளையாயிருந்தாலும் இப்படித்தான் சொல்வீகளா என்று மட்டும் கேட்டார். ஆயர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மகள் பிறந்தாள். தவழ ஆரம்பித்ததும் ஒரு சாயங்காலம் வாசிப்புக்கு நடுவில் நேரே போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, யாரையோ பார்ப்பதுபோல மேலே பார்த்துச் சிரித்தாள். அத்தை முகமெல்லாம் பூரித்து, “பெரியப்பா மடியில உக்காந்திருக்கா” என்றார். நான் பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததும் பெரிய சண்டை வந்தது. எனக்கு அடுத்ததாக அவளும் ஒரு வசனம் வாசிக்கட்டும் என்றேன். நியாயமான ஆசைதானே? அத்தை கூடாது என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். இல்லாத ஆளுக்கு ஒரு வசனம் உண்டு, இருக்கிற பிள்ளைக்குக் கிடையாதா என்று கத்தினேன். அத்தை கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

“ஆள் கூடுனா கணக்கு மாறிப்போகும்த்தா. மலைச் சங்கீதத்துல அவன் முறை தப்பிப்போகும்.”

மலைகளைப் பார்த்துக் கண்ணை ஏறெடுக்கிற அந்தச் சங்கீதத்தை அவர் அப்படித்தான் சொல்வார். அதில் மொத்தமே எட்டு வசனம். ஐந்து பேர் சுற்றி வந்தால் எட்டாவது மூன்றாம் ஆளுக்கு வரும். ஆறு பேர் ஆகிவிட்டால் அது அத்தைக்கே போய்விடும். அந்த ஒரு சங்கீதம் மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வேதத்தைத் தொடர்ச்சியாக வாசித்து முடித்து மறுபடி ஆரம்பிக்கிற வீடு அது. அந்தச் சங்கீதம் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும். வருகிற நாளில் அத்தை காலையிலிருந்து உபவாசம் இருப்பார். அன்றைக்கு ஆமென் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். எனக்குக் கால் மரத்துப்போகும்.

என் வசனத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டு நான் வெறுமனே உட்கார்ந்தேன். வீம்புக்குத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேலை என்ன? வாசிக்காமல் விட்ட வசனங்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். அந்தக் கறுப்பு வேதத்தை மூடி அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. வைக்கும் முன்னால், நின்றபடியே, மூன்றாவதையும் எட்டாவதையும் பதின்மூன்றாவதையும் உதட்டுக்குள் வாசிப்பேன். முதலில் அது ஒரு சுத்தம் மாதிரி, பந்தியில் ஓர் இலை பரிமாறாமல் கிடந்தால் உறுத்துமே, அதுபோல. வம்ச வரலாறு வருகிற அதிகாரமென்றால் அன்றைக்கு அவர் பங்குக்கு வெறும் பெயர்கள்தான் இருக்கும். பாவம் என்றிருக்கும். சில நாள் அவருக்கு வந்த வசனத்தைப் பார்த்தால் தூக்கிவாரிப்போடும். தகப்பனைத் தேடி வருகிற மகன், ஆழத்திலிருந்து கூப்பிடுகிறவன், ஒருவரும் தன்னை விசாரிக்கவில்லை என்கிறவன். அத்தனையும் இந்த வீட்டில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

சபையில் எத்தனையோ வேதபாடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குறிப்பெடுத்திருக்கிறேன், கேள்வி கேட்டுப் பேர் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேதத்தை நான் உள்ளபடியே படித்தது அந்த அலமாரி முன்னால் நின்றுதான். நான் பார்த்தேயிராத ஓர் ஆளுக்காகப் படித்தேன். என் பாவம், என் ஆசீர்வாதம், என் பிள்ளையின் மார்க்கு என்று எனக்காகப் படித்தபோது ஓடாத மனசு அங்கே ஓடியது. அதற்காகப் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வாசித்து முடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே நிறுத்தியதுபோல இருக்கும். பேச வாயெடுக்கிறவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஒருமுறை ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் போனோம். மலைமேலிருந்து பெரிய பெரிய குழாய்கள் இறங்குகின்றன. தண்ணீர் வெளியே வருகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்தப் பக்கம் ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரொம்ப தூரமில்லை. பைக்கைப் பூட்டிவிட்டு ஒருவர் இங்கே நின்றால் இரண்டு பக்கமும் போகலாம். அதுவரைக்கும் அத்தை சொல்வது வெறும் நினைப்பு என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். அங்கே நின்றபோது எனக்கும் ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. பிள்ளைகளை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றும்போது மலைச் சங்கீதத்தின் கடைசி வசனம் என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. போகிறவனையும் வருகிறவனையும் காக்கிறதைப் பற்றிய வசனம் அது.

போன வருஷம் மகள் படிப்புக்காக மதுரை ஹாஸ்டலுக்குப் போனாள். என் வசனம் எனக்குத் திரும்பி வந்தது. அதே சமயத்தில் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனமாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து, அவருடைய இடத்துக்குப் பின்னாலேயே போட்டோம். அப்போது சங்கீதங்களில் பாதியைத் தாண்டியிருந்தோம். மலைச் சங்கீதம் எப்ப வரும் என்று தினமும் கேட்பார். வந்துரும் அத்தை என்பேன்.

ஒரு மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கட்டிலோரம் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெளியே ஆடிக் காற்று தகரத்தை அடித்தது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். அந்தச் சங்கீதத்தில் என்ன இருக்கிறது அத்தை என்றேன்.

மூத்தவர் காணாமல் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசித்தது அந்தச் சங்கீதம்தானாம். கடைசி வசனம் மூத்தவருக்கு வந்தது. வாசித்தார். ஜெபம் பண்ண வேண்டும், ஆனால் பண்ணவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன மனக்கஷ்டமோ, கொஞ்ச நாளாகவே யாரிடமும் பேச்சில்லையாம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெபம் பண்ணாமல் எவனும் இங்கன இருந்து எந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அத்தை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் கீரையைக் கீழே வைத்தேன்.

“உங்க மாமா கண்ண மூடியிருந்தாக. நான் மூடல. அவனையே பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரங்கழிச்சு அவன் மூச்ச இழுத்து வாயத் தொறந்தான், ஆத்தா. எதையோ சொல்லத்தான் வந்தான். எதையாச்சும் எடக்காச் சொல்லிச் சண்டை ஆயிருமோன்னு பயந்து, நான் முந்திக்கிட்டு ஆமென்னு சொல்லிட்டேன். அவன் வாய மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.”

நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீக என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பான் என்றார். அதனால்தான் இவ்வளவு நேரம் கொடுக்கிறேன் என்றார். இந்தத் தடவை அந்தச் சங்கீதம் வரும்போது ஆமென் சொல்லப் போவதில்லை என்றும், அவனாகச் சொல்லி முடிக்கட்டும் என்றும் சொன்னார். நான் அந்த வெறும் இடத்தைப் பார்க்காமல் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் அலமாரி முன்னால் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்த மூச்சைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தெரியவில்லை.

மலைச் சங்கீதத்துக்கு ஓர் அதிகாரம் முன்னால் அத்தை போய்விட்டார். காலையில் காபி கொண்டுபோனேன், முகம் அந்த இடத்தின் பக்கமே திரும்பியிருந்தது.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, மகளும் ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு, ஒரு சாயங்காலம் மாமா தாமே பாயை எடுத்து விரித்தார். அதுவரைக்கும் அவர் பாய் விரித்து நான் பார்த்ததில்லை. நான் கறுப்பு வேதத்தை எடுத்துவந்து, மலைச் சங்கீதத்தில் பிரித்துப் பலகையில் விரித்து வைத்தேன். தினமும் ஒரு கை புரட்டிப் புரட்டி அதன் தாள்கள் பழைய வேட்டிபோல மெத்தென்று ஆகியிருந்தன. அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். மாமா, வெறும் பாய், வெறும் பாய், என் கணவர், வாசலை ஒட்டி நான்.

மாமா முதல் வசனத்தை வாசித்தார். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா இரண்டாவதையும் அவரே வாசித்தார், அத்தை வாசிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்தி. மூன்றாவதுக்கு நிறுத்தினார். கணவர் நான்காவதை வாசித்தார். நான் ஐந்தாவதை வாசித்தேன். ஆறும் ஏழும் மாமா. எட்டாவதற்கு யாருமில்லை.

ஒரு வசனத்துக்கான நேரம் போனது. ஜெபத்துக்குத் தலை குனிந்தோம். பக்கத்து வீட்டு டிவி அன்றைக்கு ஓடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆமென் சொல்ல ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கர்த்தாவே, நான் சொல்லட்டுமா, நான் யார் சொல்வதற்கு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கால் மரத்துவிட்டது. கணவர் மெதுவாக அழுதுகொண்டிருந்தார். அப்போது அந்த மூச்சு கேட்டது. உள்ளே இழுத்து, நின்றது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

மாமா ஏற்கனவே கண்ணைத் திறந்திருந்தார். அத்தையின் இடத்தைத் தாண்டி, மூத்தவர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூச்சு மாமாவுடையதுதானோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் மூத்தவரிடம் அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

“ஏலே பெரியவனே, ஜெபம் பண்ண வேண்டாம்யா. அப்பா தப்பாச் சொல்லிட்டேன். எந்திரிச்சுப் போ.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிச் சாய்ந்தார். நான் சேலையை ஒதுக்கி, முழங்காலை மடக்கிக்கொண்டு, வாசலுக்கு வழி விட்டேன்.